மாவு மில் சுவரில் ஒரு நேரப் பலகை

எங்கள் தெருவில் மின்சாரம் எப்போது போனது, எப்போது வந்தது, வந்தபோது எத்தனை வோல்ட் இருந்தது என்பதை ஒன்பது ஆண்டுகளாக எழுதி வருகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் தொடங்கிய பழக்கம். நீளவாக்கில் கோடு போட்ட நோட்டுகள். இப்போது ஆறாவது நடக்கிறது. கூடத்தில் ஸ்விட்சுகளுக்குப் பக்கத்தில் ஒரு வோல்ட் மீட்டரும் மாட்டியிருக்கிறேன். காலை ஏழு, பகல் பதினொன்று, மாலை ஏழு என்று மூன்று வேளை அதைப் பார்த்துக் குறித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இதைக் கேள்விப்படுகிறவர்கள் என்னை மின்சாரத்தைச் சிக்கனமாகப் பிடித்துச் செலவழிக்கும் ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படித்தான் இருந்தேன். இப்போது எங்கள் தெரு இன்னும் நிறைய மின்சாரம் செலவழிக்க வேண்டும் என்பதே என் விருப்பம். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதையைத் தேதி வாரியாக எழுதிவைக்கிறேன்.

தெரு, கல்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே பிரிகிறது. நாற்பது வீடுகளுக்குக் கொஞ்சம் மேல். தெருக்கோடியில் நின்று பார்த்தால் ஏரிக்கு அந்தப் பக்கம் உயர் அழுத்தக் கோபுரங்கள் வரிசையாக வடக்கே போவது தெரியும். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிற ஆலை பஸ்ஸில் கொஞ்ச நேரம். எங்களைத் தாண்டித்தான் எல்லாம் போகிறது என்று நான் அழமாட்டேன். சென்னை கேட்டது, வாங்கிக்கொண்டது. நாங்கள் ஏன் கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

எங்கள் தெருவுக்கான டிரான்ஸ்ஃபார்மர் சாலை ஓரத்தில் இருந்தது. அங்கிருந்து ஒல்லியான கம்பியில் தெருக்கோடி வரை மின்சாரம் நடந்து வருவதற்குள் பாதி இளைத்துவிடும். மாவு மில் ஓடினால் தண்ணீர் மோட்டார் முனகும். மோட்டார் ஓடினால் தையல் மிஷின் இழுக்கும். சண்டை வந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், தண்ணீர்க் குடத்தோடு ஒரு வீட்டார் மில்லுக்குள்ளேயே போய் நின்றுவிட்டார்கள். அன்றைக்கு நான் நடுவில் புகுந்து ஒரு ஏற்பாடு செய்தேன். அட்டைப் பலகை ஒன்றில் நேரம் பிரித்து எழுதி மில் சுவரில் மாட்டினேன். காலை ஆறிலிருந்து எட்டு, தண்ணீர் மோட்டார்கள். அதிலும் வலது சாரி முதலில், இடது சாரி பிறகு. எட்டிலிருந்து பத்து, மில். பத்திலிருந்து ஒன்று, தையல் மிஷின்கள். பிறகு மறுபடி மில். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை எந்த மோட்டாரும் கூடாது. விளக்கு, விசிறி, டிவி மட்டும். கல்யாண வீட்டுக்கு மட்டும் கிரைண்டர் போடச் சலுகை.

தெரு கட்டுப்பட்டது. எனக்கே ஆச்சரியம். ஒரு பெண் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, மில் ஓடுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு உள்ளே போவாள். இன்னொரு வழக்கமும் தானாகவே சேர்ந்துகொண்டது. லைன்மேன் ஏணியைக் கம்பத்தில் சாய்த்ததும், "லைன்மேன் ஏறிட்டாரு" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அடுத்த நிமிடம் தெரு முழுக்க மோட்டார்கள் அடங்கிவிடும். அந்த மனுஷனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்ற நல்ல எண்ணம்.

சென்னையிலிருந்து ஒரு கல்லூரிக் குழு வந்தது. பலகையைப் படம் எடுத்தார்கள். அவர்களோடு வந்த பேராசிரியர் மில் வாசலில் நின்று, மின்சாரத்தைச் சேமிப்பதில் இந்தத் தெரு மற்றவர்களுக்கு வழிகாட்டுகிறது என்று பேசினார். கைதட்டினோம். அன்றைய பக்கத்தில் நான் "பெருமை" என்று ஒரே சொல் எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன்.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு தையற்கார அம்மா. கணவர் செங்கல்பட்டு ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு மிஷினில் அவரும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரும் நைட்டி, பாவாடை தைத்துக் கடைகளுக்குக் கொடுத்துவந்தார்கள். மில்லுக்காரர் அவரைப் பாயம்மா என்பார், அவர் மில்லுக்காரரை அண்ணாத்த என்பார். வாரத்தில் மூன்று நாள் இருவருக்கும் வாய்ச்சண்டை. இந்த ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிற ஒரு துணிக் கம்பெனி அவருக்குப் பள்ளிச் சீருடை வேலை தர முன்வந்தது. ஆறு பவர் மிஷினும் ஒரு நீராவி இஸ்திரியும் கம்பெனியே இறக்கிவைக்கும். தெருவிலிருந்து எட்டுப் பெண்கள் தைக்கலாம். ஒரே நிபந்தனை: ஏப்ரல் கடைசிக்குள் த்ரீ ஃபேஸ் இணைப்பு வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மிஷின்களை ஏற்றிக்கொண்டு போய் மதுராந்தகத்தில் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள்.

மிஷின்கள் மார்ச் முதல் திங்களன்று வந்தன. சாக்கு சுற்றிய ஆறு உருவங்கள் அவர் வீட்டுக் கூடத்தை அடைத்துக்கொண்டன. குடும்பம் அவற்றின் நடுவில் பாய் விரித்துப் படுத்தது. விண்ணப்பம் போட்டார். மூன்றாவது வாரம் பதில் வந்தது: இப்போதுள்ள கம்பியில் அந்தப் பளு தாங்காது, புது டிரான்ஸ்ஃபார்மர் வைக்க, தெருவின் மின் தேவை போதிய அளவு இல்லை.

கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இன்னா சார் இது? கம்பி தாங்காதுன்றான். சரி, நல்ல கம்பி போடுன்னா, உனுக்கு அவ்ளோ தேவ இல்லன்றான். எனுக்குத் தேவ இல்லாமயா ஆறு மிஷின வூட்ல வெச்சுகினு குந்திகினு கீறேன்?"

படித்ததும் எனக்கு என் பழைய வேலை ஞாபகம் வந்தது. ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் நூலகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்தவன் நான். வெளிநாட்டுப் பொருளாதார இதழ்களை வரிசைப்படுத்தி அடுக்கும்போது படித்தும் வைப்பேன். ஏழை நாடுகளில் மின்சாரம் கூடுவதால் வளர்ச்சி வருகிறதா, வளர்ச்சி வருவதால் மின்சாரச் செலவு கூடுகிறதா என்று பக்கம் பக்கமாக விவாதிப்பார்கள். ஒரு நாட்டில் இது முதலில் என்பார் ஒருவர். இன்னொரு நாட்டில் அது முதலில் என்பார் மற்றவர். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்பார் மூன்றாமவர். சம்பந்தமே தென்படவில்லை என்றும் ஒரு கட்டுரை வரும். அப்போது எனக்கு அது சுவையான புதிர். அந்தப் புதிர் சாக்கு சுற்றிக்கொண்டு எதிர்வீட்டுக் கூடத்தில் உட்காரும் என்று நினைத்ததில்லை.

ஏப்ரல் முதல் வியாழன், நானும் அவரும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துச் செங்கல்பட்டு அலுவலகத்துக்குப் போனோம். என் பையில் கடைசி மூன்று நோட்டுகள். வோல்டேஜ் குறைவதை ஆதாரத்தோடு காட்டிவிடுவது என் திட்டம். பொறியாளர் முப்பது வயதைக் கடந்திருக்கும் பெண்மணி. உட்காரச் சொன்னார், முழுதும் கேட்டார். பிறகு ஒரு பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"சார், நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா டிரான்ஸ்ஃபார்மர் வேணும்னு மேல எழுதறதுக்கு எனக்கு ரீடிங் வேணும். உங்க தெருவுல மூணு தடவ டாங் டெஸ்டர் வெச்சுப் பாத்திருக்கோம். மூணு தடவையும் பாதி லோடு கூட இல்ல. அஞ்சு வருஷமா உங்க தெரு வளரவே இல்ல சார். படாளம் பக்கம் பாருங்க, லோடு தாங்காம ஃபியூஸ் போய்க்கிட்டே இருக்கு. இருக்கறது ஒரு டிரான்ஸ்ஃபார்மர்னா நான் யாருக்குக் குடுக்கறது?"

டாங் டெஸ்டர் என்பது இடுக்கி போல வாயைத் திறந்து கம்பியைக் கவ்வி, அதில் ஓடும் மின்சாரத்தைக் காட்டும் கருவி. அளந்த தேதிகளைக் கேட்டேன். அவர் வாசிக்க வாசிக்க நான் என் நோட்டைப் புரட்டினேன்.

முதல் தடவை, போன ஆகஸ்ட் மூன்றாம் செவ்வாய், மாலை ஆறு நாற்பது. என் நோட்டில் அன்று: "மாலை 7, 214 வோல்ட். எங்கும் மோட்டார் சத்தமில்லை. பலகை முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. மகிழ்ச்சி."

இரண்டாவது, நவம்பர் முதல் வெள்ளி, மாலை ஏழு ஐந்து. என் நோட்டில்: "216. ஒழுங்கு."

மூன்றாவது பகலில் எடுத்தது, ஜனவரி இரண்டாம் புதன், பதினொன்று. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. நோட்டைப் பார்த்தேன். "பகல் 11. லைன்மேன் கம்பத்தில். தையல் மிஷின்கள் உட்பட எல்லாம் கால் மணி நேரம் நிறுத்தம். 221 வோல்ட்."

அந்த வரியை நான் உரக்கப் படிக்கவில்லை. நோட்டை அப்படியே பொறியாளர் பக்கம் திருப்பிவைத்தேன். அவர் படித்துவிட்டு, பலகை என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடிவைத்துவிட்டார்.

"அப்ப நாங்க அளந்தது உங்க தெருவ இல்ல சார். உங்க பலகைய."

தையற்கார அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏன் சார், நாம அடங்கி ஒடுங்கி இருந்ததால, நமக்கு ஒண்ணும் வேணாம்னு எழுதிகினாங்களா?"

ஆமாம் என்றேன். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. தட்டில் விழுந்த சோற்றை அளந்து பசியைக் கணக்கிடுகிற வேலை இது. நான் அடுக்கிவைத்த அத்தனை கட்டுரைகளும் செலவான மின்சாரத்தைத்தான் எண்ணியிருந்தன. ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு செலவழிக்காமல் விட்டது எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. ஏழு ஆண்டுகளாக இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்து நின்ற பெண் அந்தப் பதிவேட்டில் இல்லை. அவளை அங்கிருந்து அழித்தது என் கையெழுத்து.

"இந்த மாசத்துக்குள்ள இன்னொரு தடவ வந்து அளக்கறேன். எந்த நாள்னு சொல்ல மாட்டேன்" என்றார் பொறியாளர். அது நியாயம்.

அன்று மாலையே மில் வாசலில் எல்லோரையும் கூட்டி நடந்ததைச் சொன்னேன். மில்லுக்காரர் மாவு படிந்த புருவத்தை உயர்த்திக்கொண்டு கேட்டார்.

"அப்போ போர்டு எழுதினது நீ, பேஜாரு எங்களுக்கா? காலேஜுகாரன் வந்து கை தட்டினப்ப முன்னால நின்னு போட்டோ எடுத்துகினியே சார்."

"எடுத்துக்கொண்டேன். தப்பு என்னுடையது" என்றேன்.

"வுடு அண்ணாத்த" என்றார் தையற்கார அம்மா. "அந்தப் போட்டோல நீயும்தான் மீசைய முறுக்கிகினு நிக்கற."

பலகையைக் கழற்றினேன். எல்லா வீட்டிலும் எல்லாவற்றையும் போட்டு லோடு ஏற்றிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் மறுத்தேன். பொய் லோடு வேண்டாம். தேவையில்லாமல் ஒரு பல்பு கூட எரிய வேண்டாம். ஆனால் தேவைப்படுகிறவர் தேவைப்படுகிற நேரத்தில் போடட்டும். யாரும் வாசலுக்கு வந்து காது கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை. லைன்மேன் ஏறினாலும் அணைக்க வேண்டாம். தன் பாதுகாப்புக்கு எதை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். லைன்மேனையே கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். "நான் ஏறினா மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் கம்பில கை வெப்பேன். சும்மா அளக்க வரப்ப நீங்க ஏன் மோட்டார நிறுத்தறீங்கன்னு எனுக்கும் புரியல. இந்தத் தெருவுல எல்லாரும் அமைதியான டைப்புன்னு நெனச்சிகினேன்" என்றார்.

அடுத்த இரண்டு வாரம் என் நோட்டுகளிலேயே மோசமான பக்கங்கள். பகல் பதினொன்றுக்கு 161. ஒரு நாள் 152. மில்லின் பெல்ட் நின்று நின்று ஓடியது. டிவிப் படம் சுருங்கியது. சாலை ஓர ஃபியூஸ் மூன்று முறை போனது. நான்காம் நாள் காலையில் ஒரு பெரியவர் என் வாசலில் வந்து, பலகை எங்கே, மறுபடி மாட்டுங்கள் என்று அதட்டினார். மாட்டமாட்டேன் என்றேன். ஏழு ஆண்டுகள் தெருவில் அமைதியைக் காத்த ஆள் நான்; அன்றைக்குத் தெருவே என்னை முறைத்தது. அமைதி எதை மூடிவைத்திருந்தது என்று தெரிந்துவிட்ட பிறகு எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது வாரம் தையற்கார அம்மாவின் பழைய மிஷின் ஒன்றில் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிட்டது. புகை வாசம் எங்கள் வீடு வரை வந்தது. ஓடினேன். கடை வேலையும் இப்போது பாதியாகிவிட்டதே. மில்லுக்காரர் எனக்கு முன்பே வந்து நின்றார். "பாயம்மா, நான் மத்தியானம் வரிக்கும் மில்ல நிறுத்திக்கிறேன். நீ அந்த ஒண்ணையாவது ஓட்டு" என்றார்.

"நிறுத்தாத அண்ணாத்த. நிறுத்தி நிறுத்தித்தான் இந்தக் கதிக்கு வந்துகீறோம். போனது போவட்டும். நீ உன் மில்ல ஓட்டு, நான் என் மிஷின ஓட்றேன்."

ஏப்ரல் நான்காம் செவ்வாய், பகல் பதினொன்று இருபதுக்குப் பொறியாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். லைன்மேன் ஏணியைச் சாய்த்தார். வழக்கமான குரல் யாரிடமிருந்தும் வரவில்லை. மில் ஓடியது. மாடிகளுக்குத் தண்ணீர் ஏறியது. மீன்காரர் வீட்டு ஐஸ் பெட்டி உறுமியது. எதிர் வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே மிஷின் தடதடத்தது. லைன்மேன் மேலிருந்து ஒவ்வொரு கம்பியாகக் கவ்வி எண்ணைக் கத்திச் சொன்னார், பொறியாளர் எழுதினார். பிறகு தெருக்கோடி வரை நடந்து வந்து என் கூடத்தில் வோல்ட் மீட்டரைத் தன் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். என்னுடையது 148. அவருடையது 147.

"எப்படி சார் ஒரேயடியா இவ்ளோ ஏறுச்சு?" என்று கேட்டார். காரணம் தெரிந்தும், எழுதிக்கொள்வதற்காகக் கேட்டார்.

"ஏறவில்லை அம்மா. இத்தனை நாள் அமுக்கி வைத்திருந்தோம். கையை எடுத்துவிட்டோம்."

அவர் எழுதி முடிப்பதற்குள் ஃபியூஸ் போனது. தெரு அடங்கியது. மில்லுக்காரர் தன் வாசலிலிருந்து, "மேடம், அத்தயும் எழுதிக்கோங்க" என்றார். எழுதிக்கொண்டார்.

பரிந்துரை மேலே போனது. ஆனால் ஏப்ரல் முப்பது காத்திருக்கவில்லை. அன்று காலை பத்து மணிக்குக் கம்பெனி டெம்போ வந்தபோது தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மருக்கான இரண்டு கம்பங்கள் மட்டும் நட்டிருந்தார்கள், சிமெண்ட் ஈரம் காயவில்லை. கம்பெனி மேற்பார்வையாளர் அவற்றைப் பார்த்துவிட்டு, கம்பத்தில் சீருடை தைக்க முடியாது என்றார். சீருடை வேலை மதுராந்தகத்துக்குப் போனது. தையற்கார அம்மா டெம்போவின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு எடுத்துகினு போ சார். ரெண்ட வுட்டுட்டுப் போ. இருக்கற கரண்ட்ல அத்த நான் ஓட்டிக் காட்றேன். கம்பம் வந்துகீது, பொட்டி வராமயா பூடும்? மேல மாட்டின அன்னிக்கு நானே போன் பண்றேன். அப்போ இந்த நாலும் என் வூட்டுக்குத்தான் வரணும். எழுதிக் குடுத்துட்டுப் போ."

எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன், நேரத்தையும் குறித்து.

மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் அந்த இரண்டு மிஷின்களும் நூற்றைம்பது வோல்ட்டில் இழுத்து இழுத்து ஓடின. பலகை வேண்டும் என்று கேட்டவர்கள் ஒவ்வொருவராகக் கேட்பதை நிறுத்தினார்கள். நடுவில் அந்தக் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம்: ஒரு கண்காட்சிக்காகப் பலகையை மறுபடி படமெடுக்க வர வேண்டுமாம். நான் பதில் எழுதினேன். பலகை இல்லை, வருவதானால் ஏதாவது வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு வாருங்கள், தெருவின் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போகலாம். உங்கள் ஊரில் ஒரு வீட்டின் குளிர்சாதனம் தின்கிற மின்சாரத்தை எங்கள் தெருவில் எட்டுப் பெண்களின் வேலைக்காகக் கேட்கிறோம். சேமிப்பைப் பற்றி எங்களுக்குச் சொல்ல வருவதற்கு முன் அதை யோசித்துவிட்டு வாருங்கள். அவர்கள் வரவில்லை.

ஆகஸ்ட் இரண்டாம் புதன் டிரான்ஸ்ஃபார்மரை ஏற்றினார்கள். அந்த வாரக் கடைசியில் எதிர்வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் இணைப்பு. அடுத்த திங்கள் நான்கு மிஷின்களும் திரும்பி வந்தன, சீருடைக்குப் பதில் தீபாவளிச் சட்டை வேலையோடு. செவ்வாய் காலையில் ஆறும் ஓடத் தொடங்கின. பதினொரு மணிக்கு நான் நோட்டோடு கூடத்தில் நின்றபோது அவர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். கழுத்தில் அளவு நாடா.

"சார், இப்போ இன்னா காட்டுது?"

"இருநூற்று இருபத்தெட்டு."

நம்பாமல் தலையைச் சாய்த்தார். "அண்ணாத்த மில்ல நிறுத்திகினாரா?"

"ஓடுகிறதே. கேளுங்கள்."

இருவரும் கேட்டோம். மில் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் அவருடைய மிஷின்கள். அவர் கழுத்து நாடாவை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு சொன்னார்:

"அப்போ இன்னும் ரெண்டு மிஷின் கேக்கலாம் சார். ஒரு மனு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன்.